கண் ஆபரேஷன் கத்திகளைப் பாதுகாப்பாகக் கையாள்வது எப்படி? தியேட்டர் பணியாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தையல் போடாத சிறுதுளைக் கண்புரை ஆபரேஷனை எடுத்துக்கொள்வோம். கருவிழி ஓரத்தில் சின்னத் துளை போட சைடு போர்ட் கத்தி, வெள்ளைவிழியில் சுரங்கம் வெட்ட கிரசண்ட், கண்ணுக்குள் நுழைய கெரட்டோம், உள்வாசலை அகலப்படுத்த இன்னொரு கத்தி. மொத்தம் 4. ஒவ்வொன்றும் நர்ஸ் கையிலிருந்து டாக்டர் கைக்குப் போய்த் திரும்பி வருகிறது. ஒரு நாளில் 30 ஆபரேஷன் நடக்கும் தியேட்டர் என்றால், திறந்த கத்தி 240 தடவை கை மாறுகிறது.

கத்தி கண்ணுக்குள் இருக்கும்போது அத்தனை பேர் பார்வையும் அதன் மேல்தான். கண்ணை விட்டு வெளியே வந்ததும் அதை யாரும் பார்ப்பதில்லை. டாக்டர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே கையை நீட்டுகிறார், நர்ஸ் அடுத்த கருவியைத் தேடுகிறார், கத்தி டிரேயில் எங்கோ கிடக்கிறது. தியேட்டரில் நடக்கும் வெட்டுக்காயங்களில் பல இப்படிக் கத்தி வழியில் இருக்கும்போதும், வேலை முடிந்து கிடக்கும்போதும் ஏற்படுபவை. அதனால் இந்த வழிகாட்டி கத்தியின் பயணத்தைப் பின்தொடர்ந்து போகிறது. பாதுகாப்பு உறை வைத்த விலையுயர்ந்த கத்தியை வாங்கிவிட்டாலே போதும் என்று நினைக்கும் நிர்வாகிகள் இருக்கிறார்கள். உறை நல்லதுதான். ஆனால் கத்தி போகும் வழியைச் சீர்படுத்தாத தியேட்டரில் உறை மட்டும் யாரையும் காப்பாற்றாது.

1. உங்கள் தியேட்டரில் என்னென்ன கூர்மையான பொருள் இருக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு ஆபரேஷன் நாள் முழுக்க டிரேயைப் பார்த்து இதைச் செய்யுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதினால் கத்திகள் மட்டும்தான் வரும்.

கத்திகளில் ஒவ்வொன்றுக்கும் தனி ஆபத்து. கிரசண்ட் அலகின் முனை உருண்டையாக இருப்பதால் பார்க்கச் சாதுவாகத் தெரியும். ஆனால் அதன் முன்பக்கமும் இரண்டு ஓரங்களும் வெட்டும். கைப்பிடியிலிருந்து கோணமாக வளைந்திருப்பதால், டிரேயில் வைத்தால் அலகு மேல்நோக்கி எழும்பி நிற்கும். கையுறை விரல் அதன் மேல் படுவது மிகச் சுலபம். கெரட்டோம் வேல்முனை மாதிரி, 2.8 அல்லது 3.2 மி.மீ. அகலம். லேசாகப் பட்டாலே உள்ளே இறங்கிவிடும். சைடு போர்ட்டுக்கு வைக்கும் 15 டிகிரி கத்தியும், ஈட்டி முனை மாதிரி இருக்கும் எம்.வி.ஆர். அலகும் மெல்லியவை. டிரேயின் துணி மடிப்பில் புகுந்து காணாமல் போவது பெரும்பாலும் இவைதான்.

கத்தி அல்லாதவற்றைத்தான் மறந்துவிடுகிறோம். லென்ஸ் உறையைத் திறக்க 26 கேஜ் ஊசியின் முனையை வளைத்து சிஸ்டோடோம் செய்கிறோமே, அந்த வளைக்கும் வேலையை நன்றாகக் கவனியுங்கள். ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் நீடில் ஹோல்டர், அவசரம், குறைந்த வெளிச்சம். ஆபரேஷன் தொடங்கும் முன்பே விரலில் குத்துவது இங்கேதான். கண்ணைச் சுற்றி மரப்பு மருந்து போடும் ஊசி, கண்ணைப் பிடித்து வைக்கப் போடும் பட்டுத் தையலின் ஊசி, கடைசியில் மருந்து செலுத்தும் ஊசி, விழித்திரை ஆபரேஷன் என்றால் கண்ணுக்குள் கருவி நுழைய வழி போடும் ட்ரோகார் என்று எல்லாமே பட்டியலில் வர வேண்டும். உள்ளே துளை உள்ள ஊசியில் ரத்தம் தங்கும். அதனால் அது குத்தினால், அதே ஆழத்துக்கு இறங்கும் கத்தியைவிடக் கிருமி தொற்றும் வாய்ப்பு அதிகம்.

பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: யார் திறக்கிறார், யார் யாருக்குக் கொடுக்கிறார், வேலை முடிந்ததும் எங்கே போகிறது? மூன்றாவது கேள்விக்கு இரண்டு பேர் இரண்டு பதில் சொன்னால், முதலில் சரிசெய்ய வேண்டிய இடம் அதுதான்.

2. கத்தி வாங்கும்போது: முதலில் கூர்மை, அப்புறம் உறை

மழுங்கிய கத்தி பாதுகாப்பானது என்று நினைத்துவிட வேண்டாம். கண்ணில் அதுதான் பெரிய ஆபத்து. கூர் குறைந்தால் டாக்டர் அழுத்த வேண்டும். அழுத்தும்போது கண் சுருங்கும், விலகும், திடீரென்று கத்தி உள்ளே பாயும். கருவிழியின் உள்பக்கத்தில் இருக்கும் டெசிமெட் என்ற மெல்லிய படலம் உரிந்து தொங்கலாம். வெட்டின் ஓரம் பிசிறாகி, தையலில்லாமல் தானாக மூட வேண்டிய காயம் கசியலாம். கசியும் காயம் கிருமிக்குத் திறந்த வாசல்.

ஒவ்வொரு புதிய தொகுதி வந்ததும் சில கத்திகளை மைக்ராஸ்கோப்பில் அதிக உருப்பெருக்கத்தில் பாருங்கள். முனை வளைந்திருக்கிறதா, ஓரத்தில் பிசிறோ பொடியோ ஒட்டியிருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். விரல் நுனியில் தடவிப் பார்க்கும் பழக்கம் சில பழைய கைகளுக்கு உண்டு. அதைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும்.

உறை வைத்த பாதுகாப்புக் கத்திகளில், கைப்பிடியில் ஒரு சின்னப் பொத்தானைக் கட்டைவிரலால் தள்ளினால் பிளாஸ்டிக் உறை முன்னால் வந்து அலகை மூடும். பின்னால் இழுத்தால் அலகு வெளியே தெரியும். வாங்கும் முன் பார்க்க வேண்டியவை:

- ஒரே கையால், பிடியை மாற்றாமல் மூடித் திறக்க முடிகிறதா? இன்னொரு கை தேவைப்பட்டால் அந்தக் கையே காயப்படும்.
- மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்கிறதா? பாதியில் நிற்கும் உறை, உறையே இல்லாததைவிட மோசம். மூடியிருக்கிறது என்று நம்பித் தொடுவார்கள்.
- ஈரக் கையுறையோடு பொத்தான் வழுக்குகிறதா?
- உறை பின்னால் போன நிலையில் அலகின் முனை முழுதாகத் தெரிகிறதா? குழிந்த கண்ணில் புருவ எலும்பிலோ கண் இமையை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலத்திலோ இடிக்கிறதா?

இந்தக் கடைசிக் கேள்வியை டாக்டர்கள் எழுப்பினால் அலட்சியம் செய்யாதீர்கள். கைப்பிடி தடிமனாகிறது, எடை மாறுகிறது, பத்து வருடமாகப் பழகிய விரலுக்குப் புதிதாக இருக்கிறது என்று அவர்கள் சொல்வது நியாயமான குறை. கண்ணில் அரை மில்லிமீட்டர் பெரிய தூரம். அதற்குத் தீர்வு ஒத்திகை. ஆட்டுக் கண் வைத்துப் பயிற்சி செய்யும் வெட் லேபில், ஒவ்வொரு டாக்டரும் அந்தக் கத்தியால் சுரங்கம் வெட்டிப் பார்க்கட்டும். கூடவே, ஆபரேஷனில் கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸும் நிற்க வேண்டும். கத்தியை அதிக நேரம் கையாள்வது அவர்தான், ஆனால் எதை வாங்கலாம் என்று பல இடங்களில் அவரை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் 2000ல் வந்த ஊசிக்குத்துத் தடுப்புச் சட்டம், பாதுகாப்புக் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது நோயாளியை நேரடியாகக் கவனிக்கும் ஊழியர்களின் கருத்தைக் கேட்டு, அதைப் பதிவும் செய்ய வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் 2010ல் கூர்க்கருவிக் காயங்களைத் தடுக்கத் தனி உத்தரவு போட்டது. நமக்கு அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் கேட்பதற்குக் காசு ஆகாது.

எல்லாக் கத்தியையும் ஒரே நாளில் மாற்ற பணம் இல்லையென்றால் கெரட்டோமிலிருந்து தொடங்குங்கள் என்பது என் யோசனை. கூர்முனையும் அதில்தான், அவசரமும் அந்தக் கட்டத்தில்தான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த அரோலேப் 1992ல் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கி, பின்னர் தையல் நூல், கத்தி என்று விரிவடைந்தது. கண் ஆபரேஷன் பொருள் எல்லாமே வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்ற காலம் போய்விட்டது. விலை கேட்டுப் பார்க்காமலே ‘நமக்குக் கட்டாது’ என்று முடிவு செய்ய வேண்டாம்.

3. திரும்பப் பயன்படுத்துவது பற்றி

‘ஒருமுறை மட்டும்’ என்று அச்சிட்ட கத்தியைச் சுத்தம் செய்து, கிருமி நீக்கி, அடுத்தடுத்த நோயாளிக்குப் பயன்படுத்துவது பல இடங்களில் நடக்கிறது. செலவு அழுத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இதில் என் கருத்து உறுதியானது: ஒரு கத்தி ஒரு நோயாளிக்கு. மெல்லிய எஃகு ஓரம் ஒவ்வொரு வெட்டிலும், ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் போகிறது. கழுவும் ஒவ்வொரு முறையும் ஓர் ஊழியர் திறந்த அலகைக் கையில் எடுக்கிறார். மூன்றாவதாக, கழுவிய மருந்தின் மிச்சம் அலகில் ஒட்டியிருந்தால் அது நேராகக் கண்ணுக்குள் போகிறது.

அந்த மிச்சத்தால் வரும் ஒரு பிரச்சினை உண்டு. சுருக்கமாக டாஸ் என்பார்கள். கிருமியே இல்லாமல் கண்ணின் முன்னறையில் கடுமையான அழற்சி வருவது. ஆபரேஷன் முடிந்து 12 முதல் 48 மணி நேரத்துக்குள் தெரியும். கருவிழி ஓரத்திலிருந்து ஓரம் வரை மங்கிப் போகும், ஆனால் வலி பெரும்பாலும் அதிகம் இருக்காது. கிருமித் தொற்றாக இருந்தால் பொதுவாக சில நாள் கழித்து, வலியோடு வரும். ஒரே நாளில் இரண்டு மூன்று பேருக்கு இப்படி ஆனால் கருவி கழுவும் இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். என்சைம் கலந்த சோப்புக் கரைசல் சரியாக அலசப்படவில்லையா, அல்ட்ராசோனிக் தொட்டித் தண்ணீர் மாற்றப்படவில்லையா? ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைத்தாலும் இந்த மிச்சம் போகாது. கிருமி சாகும், ரசாயனம் அப்படியே இருக்கும். செத்த கிருமி விட்டுப்போகும் எண்டோடாக்ஸினும் வெப்பத்துக்கு அசையாது.

வைரக் கத்தி வேறு விஷயம். அது திரும்பத் திரும்பப் பயன்படுத்தவே செய்தது. சிதறல் பார்வையைச் சரிசெய்யக் கருவிழி ஓரத்தில் 600 மைக்ரான் ஆழத்துக்கு வெட்ட வேண்டியிருக்கும்போது, ஆழத்தை நிர்ணயிக்கும் காலடி வைத்த வைரக் கத்தி அருமையான கருவி. ஆனால் வைரம் கடினமானது, அதே சமயம் நொறுங்கக்கூடியது. ஸ்பெகுலத்தில் ஒரு தட்டு தட்டினால் முனை உடையும். வேலை முடிந்ததும் ரத்தமும், கண்ணுக்குள் நிரப்பும் கூழ் மாதிரியான விஸ்கோவும் காயும் முன்பே சுத்திகரித்த நீரைப் பீய்ச்சி அலசி, அலகை உள்ளே இழுத்துவிட்டு, மற்ற கருவிகளோடு கலக்காமல் தனிப் பெட்டியில் போக வேண்டும். துணியால் துடைக்கக் கூடாது. கழுவும் முறையைத் தயாரிப்பாளர் கொடுத்த தாளில் எப்படிச் சொல்லியிருக்கிறதோ அப்படியே, அந்தத் தாளைக் கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டி வைத்துச் செய்யுங்கள்.

4. டிரேயில் கத்திக்கு ஒரு தனி இடம்

கத்திகள் டிரேயின் ஒரு மூலையில், எல்லா நாளும் அதே மூலையில். எல்லா முனையும் ஒரே திசையில், ஆட்களை விட்டு விலகி. ஸ்டெரைல் காந்த விரிப்போ, கைப்பிடியைச் செருகி வைக்கும் தாங்கியோ இருந்தால் நல்லது. அதற்கு வழியில்லையென்றால் ஒரு கிட்னி டிரே போதும். கத்தி மேல் பஞ்சு, காஸ் எதையும் போடக் கூடாது. பயன்படுத்திய துணியைத் தூக்கும்போது அடியிலிருந்து எம்.வி.ஆர். அலகு எட்டிப் பார்ப்பது தியேட்டரில் வேலை செய்தவர்களுக்குப் பழக்கமான அதிர்ச்சி.

காலையிலேயே எல்லாக் கத்தியின் உறையையும் கழற்றி வரிசையாக வைத்துக்கொள்வது வேகத்துக்கு உதவுவது போலத் தெரியும். வேண்டாம். கேட்கும்போது, அல்லது அதற்கு ஒரு கட்டம் முன்பாக மட்டும் திறந்தால் போதும். சிஸ்டோடோம் ஊசியைத் தயாராக வளைத்து வரும் வகையில் வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் நல்ல வெளிச்சத்தில், டிரே மேல் கையை ஊன்றி, ஊசியை சிரிஞ்சில் பொருத்திய பிறகே வளைக்க வேண்டும்.

5. கை மாறும் நேரம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் செயல்படுத்த முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பொது அறுவை சிகிச்சையில், கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல் நடுவில் ஒரு டிரேயில் வைத்து எடுக்கும் முறை இருக்கிறது. நடுநிலை இடம் என்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் கை ஒரே கத்தியைத் தொடாது. கண் ஆபரேஷனில் இதை அப்படியே கொண்டுவர முடியாது. டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து டிரேயைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் இடது கையின் பிடி அசையும், கவனம் சிதறும். அதனால் பாதி வழியில் ஏற்றுக்கொள்வோம்: கத்தி போகும்போது கைக்கு, திரும்பும்போது டிரேக்கு.

போகும் வழி இப்படி. டாக்டர் கத்தியின் பெயரைச் சத்தமாகச் சொல்கிறார்: “கிரசண்ட்.” நர்ஸ் உறை மூடிய கத்தியை, கைப்பிடியின் பின்பாதியைப் பிடித்து எடுக்கிறார். அலகின் சரிவு எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டுமோ, அந்த நிலையிலேயே டாக்டரின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைக்கிறார். அவர் விரல் இறுகுவது தெரியும் வரை விடக் கூடாது. “கிரசண்ட், டாக்டர்” என்று திருப்பிச் சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் இழுக்க வேண்டும். முன்னால் கொண்டுபோனால் அலகின் பாதைக்குள் போகிறோம். உறையை டாக்டர்தான், கண்ணுக்கு மேலே வந்தபிறகு, தன் கட்டைவிரலால் திறக்கிறார். உறை இல்லாத கத்தியென்றால் முனை கீழ்நோக்கி, இருவர் விரல்களையும் விட்டு விலகி இருக்க வேண்டும்.

திரும்பும் வழியில்தான் ஒழுங்கு கெடுகிறது. டாக்டர் அடுத்த கருவியை யோசித்தபடி, திறந்த கத்தியை நர்ஸ் இருக்கும் திசையில் நீட்டுகிறார். இதற்குப் பதில், டாக்டரின் கை மணிக்கட்டைத் திருப்பினாலே எட்டும் இடத்தில் ஒரு சின்னத் தட்டு நிலையாக இருக்கட்டும். நோயாளி மேல் விரித்திருக்கும் ஸ்டெரைல் விரிப்பான ட்ரேப்பின் மேல், தட்டு நழுவாதபடி. கண்ணை விட்டு வெளியே வந்ததும் உறையை மூடுகிறார், “கத்தி” என்று ஒரு வார்த்தை சொல்கிறார், தட்டில் வைக்கிறார். நர்ஸ் அவர் கை விலகிய பிறகே எடுக்கிறார். முதல் வாரம் டாக்டர் கை தட்டைத் தேடித் தடுமாறும். அதற்குள் கைவிட்டுவிடாதீர்கள். தட்டின் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்காமல் ஒரே இடத்தில் வைத்தால், மைக்ராஸ்கோப் மிதியைக் கால் தானாகக் கண்டுபிடிப்பது போலக் கையும் தட்டைக் கண்டுபிடித்துவிடும்.

கத்தி கீழே விழுந்தால் பிடிக்கப் போகக் கூடாது. காலை நகர்த்திக்கொண்டு விழ விடுங்கள். இதைப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்ல வேண்டும், ஏனென்றால் விழுவதைப் பிடிப்பது யாருக்கும் இயல்பாக வரும்.

அரவிந்தில் பிரபலமான இரட்டை மேஜை முறையில், டாக்டர் ஒரு நோயாளியை முடித்துவிட்டு அப்படியே பக்கத்து மேஜைக்குத் திரும்புவார். அங்கே நோயாளி தயாராக இருப்பார். இந்த முறையில் இயங்கும் எந்த மருத்துவமனையானாலும் ஒரு விதி அவசியம்: முதல் மேஜையின் கத்திகள் எண்ணிக் கழிவுப் பெட்டிக்குப் போன பிறகே அங்கே அடுத்த நோயாளி. வேகம் நல்லது, அது பல ஏழைகளுக்குப் பார்வை கொடுத்திருக்கிறது. அந்த வேகம் இப்படிப்பட்ட விதிகளின் மேல்தான் நிற்கிறது.

6. நோயாளி அசைந்தால்?

பெரும்பாலும் நோயாளி விழித்திருக்கிறார். மரத்திருப்பது கண் மட்டும்தான். கத்தி உள்ளே இருக்கும்போது ஒரு இருமல், மூக்கு அரிப்பு, பக்கத்து மேஜையில் தன் பெயர் மாதிரி ஏதோ கேட்டு ‘என்னங்க?’ என்று தலையைத் தூக்குவது, எதுவும் போதும்.

படுக்க வைக்கும்போதே, ட்ரேப் போடும் முன்பு, முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். “பாட்டி, இருமல் வர்ற மாதிரி இருந்தா வாயால சொல்லுங்க. டாக்டர் நிறுத்திடுவாரு. கையை மட்டும் மேலே கொண்டு வராதீங்க, தலையை ஆட்டாதீங்க.” காது மந்தமானவர் என்றால் கையைத் தொட்டுச் சைகை பேசிக்கொள்ளுங்கள்: என் கையை அழுத்தினால் நிறுத்துகிறோம். டாக்டரும் ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் “இப்ப அசையாதீங்கம்மா” என்று ஒரு வார்த்தை சொல்வது நல்ல பழக்கம். முதுகு வளைந்தவருக்குத் தலையணை சரியாக வைத்தீர்களா, சிறுநீர் கழித்துவிட்டு வந்தாரா என்பதும் கத்திப் பாதுகாப்புதான். வலியோ அவஸ்தையோ இருப்பவர் அசையத்தான் செய்வார்.

7. கண்ணுக்குள்

இது டாக்டர்களின் வேலை, பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்ததுதான். பயிற்சியில் இருப்பவர்களுக்காகச் சிலது மட்டும்.

கையை நோயாளியின் நெற்றியிலோ மணிக்கட்டுத் தாங்கியிலோ ஊன்றாமல் கத்தியை எடுக்க வேண்டாம். வெளி வெட்டு வெள்ளைவிழியின் தடிமனில் பாதி, ஏறக்குறைய 0.3 மி.மீ. சுரங்கம் வெட்டும்போது கிரசண்ட் மங்கலாகத் தெரிய வேண்டும். மிகத் தெளிவாகத் தெரிந்தால் மேலாகப் போகிறீர்கள், கூரை ஓட்டையாகும். தெரியவே இல்லையென்றால் ஆழமாகப் போகிறீர்கள், நேரத்துக்கு முன்பே கண்ணுக்குள் நுழைந்துவிடும். அப்படி நுழைந்துவிட்டால் அதே வழியில் முன்னேறாமல் நிறுத்தி, வேறு இடத்திலோ மேலான ஆழத்திலோ புதிதாகத் தொடங்குங்கள்.

கெரட்டோமுக்கு முன் விஸ்கோ நிரப்பிக் கண்ணை உறுதியாக்குங்கள். தொய்ந்த கண்ணில் கூர்க்கத்தியும் மழுங்கியதாகத்தான் நடந்துகொள்ளும், பின்னால் இருக்கும் ஐரிஸும் லென்ஸும் மேலே வந்து முனையில் படும். வாசலை அகலப்படுத்தும்போது உள்ளே போகும் அசைவில் மட்டும் வெட்டுங்கள், வெளியே இழுக்கும்போது வெட்டினால் சுரங்கத்தின் உள்வாசல் வடிவம் கெடும்.

8. வேலை முடிந்த கத்தி

தியேட்டரைத் துடைப்பவர், துணி அள்ளுபவர், குப்பை எடுப்பவர் ஆகியோருக்காகத்தான் இந்தப் பகுதி. அவர்கள் கத்தியைப் பார்ப்பதே இல்லை. துணிக்குள் மறந்து விட்ட அலகு அவர்கள் உள்ளங்கையில்தான் இறங்கும். யாருடைய ரத்தம் என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்காது.

ட்ரேப்பை எடுக்கும் முன் கத்தியையும் ஊசியையும் எண்ணுங்கள். எத்தனை திறந்தோம், எத்தனை இருக்கிறது? ஸ்க்ரப் நர்ஸும் வெளியே நிற்கும் நர்ஸும் சேர்ந்து சத்தமாக எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் எதையும் சுருட்டாதீர்கள். டிரே மடிப்பு, ட்ரேப்பில் தண்ணீர் சேரும் பை, மேஜைக்கு அடி, செருப்பின் அடிப்பகுதி என்று வரிசையாகப் பாருங்கள். ஒரு காந்தக் கம்பி வைத்துக்கொண்டால் தரையில் தேடுவது சுலபம்.

ஊசிக்கு மூடி திரும்பப் போடக் கூடாது. 11ம் எண் அலகைக் கைப்பிடியிலிருந்து கழற்ற ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கி, விரல் கிடையாது. 2016ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி உலோகக் கூர்ப்பொருள் எல்லாம் வெள்ளை நிற, உள்ளே தெரியும், குத்தினால் ஓட்டையாகாத, கசியாத, பிரிக்க முடியாத பெட்டிக்குப் போக வேண்டும். பெட்டி மூலையில் இருந்தால் பயனில்லை, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முக்கால்வாசி நிரம்பியதும் மூடிவிடுங்கள். நிரம்பிய பெட்டிக்குள் இன்னும் ஒன்றைத் திணிக்கும் விரல்தான் குத்துப்படும். அதே விதிகள் கழிவைக் கையாளும் எல்லா ஊழியருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்கின்றன. காண்ட்ராக்ட் ஊழியருக்கும் சேர்த்துத்தான். அவர்கள் தடுப்பூசி அட்டையைக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

9. வெட்டுப்பட்டுவிட்டால்

முதலில் சொல்லுங்கள். “வெட்டிடுச்சு” என்று சத்தமாகச் சொன்னால் டாக்டர் கத்தியைக் கண்ணை விட்டு எடுப்பார், இன்னொரு நர்ஸ் உங்கள் இடத்துக்கு வருவார். உங்களை வெட்டிய கத்தி திரும்ப நோயாளியின் கண்ணுக்குப் போகக் கூடாது, உங்கள் ரத்தமும் அவருக்கு அந்நிய ரத்தம்தான். இதற்காகவே ஒவ்வொரு வகைக் கத்தியிலும் ஒன்று கூடுதலாக டிரே பக்கத்தில் இருக்க வேண்டும்.

கையுறையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிழிய வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம், ஸ்பிரிட்டோ பிளீச்சோ ஊற்ற வேண்டாம். பொறுப்பாளரிடம் உடனே தெரிவியுங்கள், நோயாளியின் ஒப்புதலோடு அவர் ரத்தம் பரிசோதிக்கப்பட வேண்டும்.

பயம் இயல்பு, அதனால் எண்களைத் தெரிந்துகொள்வது நல்லது. தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு ஏறக்குறைய 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் சிக்கு நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு 1.8 சதவீதம். ஹெபடைடிஸ் பிக்குத் தடுப்பூசி போடாதவருக்கு 6 முதல் 30 சதவீதம். எல்லோரும் எச்.ஐ.வி.யைத்தான் நினைத்து நடுங்குகிறார்கள். பெரிய எண் இருப்பது தடுப்பூசி உள்ள நோய்க்கு. 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை போட்டு, அப்புறம் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டால் அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று முடிவானால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 28 நாள் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் இதற்கு வழிகாட்டுவார்கள். உங்களுக்கு அருகில் எந்த மையம், ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி தியேட்டர் சுவரில் ஒட்டுங்கள். முகாம் நாளில் சாயங்காலம் 6 மணிக்கு வெட்டுப்பட்ட ஒருவர் அந்த எண்ணைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

10. ஒரு நோட்டு

வெட்டு விழுந்ததை மட்டும் எழுதும் நோட்டு பாதிதான் உதவும். கையுறை மட்டும் கிழிந்தது, கத்தி கீழே விழுந்தது, எண்ணும்போது ஒன்று குறைந்து பிறகு கிடைத்தது, உறை பாதியில் சிக்கியது என்று தப்பியவையும் வர வேண்டும். என்ன கருவி, எந்தக் கட்டம், கத்தி யார் கையிலிருந்து எங்கே போய்க்கொண்டிருந்தது, அன்றைக்கு எத்தனையாவது ஆபரேஷன். பெயர் எழுதும் கட்டம் வேண்டாம். பெயர் கேட்டால் யாரும் எழுத மாட்டார்கள், திட்டு வாங்குவோம் என்ற பயத்தில் காயத்தையே மறைப்பார்கள். வெட்டுப்பட்டவரின் சிகிச்சைப் பதிவு தனியாக, ரகசியமாக இருக்கட்டும்.

மாதம் ஒருமுறை டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன், துப்புரவு ஊழியர் எல்லோரும் உட்கார்ந்து அதைப் படியுங்கள். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு மாற்றம் போதும். நாளின் கடைசி ஆபரேஷன்களில் சம்பவம் கூடுகிறது என்று தெரிந்தால் இடையில் ஸ்க்ரப் நர்ஸை மாற்றுங்கள். ஒரு தொகுதிக் கத்தியில் உறை திரும்பத் திரும்பச் சிக்கினால், அந்தத் தொகுதியை ஒதுக்கி வைத்துத் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். மறக்காமல் ஒரு மாதிரியையும் எடுத்து வையுங்கள், மூடிய பெட்டியில்.